மதினி வீட்டுப் பிள்ளை

ஜனவரி 6

இந்த டைரி எங்கள் அச்சகத்தில் கழித்துப் போட்டது. அட்டை தலைகீழாக ஒட்டியிருக்கிறது. உள்ளே எல்லாம் நேராக இருந்ததால் எடுத்து வந்தேன். சிவகாசியில் டைரியைக் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் கிடையாது.

எழுதச் சொன்னவர் மதுரை ஆஸ்பத்திரியின் கவுன்சிலர் அம்மா. "மனசுல இருக்கறத எழுதுங்க, லேசாயிரும்" என்றார். அன்றைக்கு என் மனதில் இருந்தது பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்பது மட்டும்தான். அதையும் எழுதிவிட்டேன்.

விஷயம் இதுதான். என் வீட்டுக்காரர் முனீசுக்கு ஒரு அக்கா, விஜயராணி. எனக்கு மதினி. அருப்புக்கோட்டையில் கணக்கு டீச்சர், வயது நாற்பத்தொன்று. நான்கு வருடம் முன்னால் கட்டி என்று சொல்லி கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். கருமுட்டை இன்னும் வருகிறதாம். அதை அண்ணனுடையதோடு (மதினி வீட்டுக்காரர் அழகர்சாமி எனக்கு அண்ணன் முறை) ஆஸ்பத்திரியில் சேர்த்து வளர்த்து என் வயிற்றில் வைப்பார்கள். நான் பெற்றுக் கொடுக்க வேண்டும். வாடகைத் தாய் என்று பெயர். வாடகை கிடையாது, வாங்கினால் சட்டப்படி குற்றம்.

மதினி தீபாவளிக்கு வந்திருந்தபோது அடுப்படியில் நின்று கேட்டார். "மாரீஸ்வரி, ரசத்துல புளி ஜாஸ்தி. எம்பிள்ளைய உன் வயித்துல சுமப்பியா?" இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். புளியைக் குறைக்கிறேன் என்றேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் மதினி என்னிடம் கேட்ட முதல் உதவி இது. மற்றதெல்லாம் உத்தரவு.

ஜனவரி 7

புளி குறைத்தேன். இவருக்குப் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 3

மதினிக்கு ஊசி போட்டுப் போட்டு, மயக்கம் கொடுத்து, போன வாரம் முட்டை எடுத்தார்கள். மூன்று கிடைத்தது. கருவாகித் தேறியது ஒன்று. மதினி பஸ்ஸில் வரும்போது கணக்குப் போட்டுப் பார்த்தார். "மூணுல ஒண்ணுன்னா முப்பத்து மூணு. முப்பத்தஞ்சு எடுத்தாத்தான் பாஸு."

அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். திருமங்கலம் வரைக்கும் திரும்பவில்லை.

பிப்ரவரி 11

கருவை வைத்தார்கள். வலிக்கவில்லை. திரையில் ஒரு வெள்ளைப் புள்ளி காட்டினார்கள். மதினி கிட்டப் போய் விரலை வைத்து, "இங்கயா?" என்று கேட்டார். தொடக் கூடாது என்று நர்ஸ் சொன்னார். பள்ளிக்கூடத்தில் யாரும் மதினியை அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

மெடிக்கல் லீவு போட்டு, பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். நான் உட்காருவது, எழுந்திருப்பது, தும்முவது எல்லாவற்றிலும் தப்பு இருக்கிறது.

பிப்ரவரி 14

தும்மலை அடக்கக் கூடாதாம். பலமாகவும் தும்மக் கூடாதாம்.

பிப்ரவரி 25

ரத்தம் எடுத்தார்கள். கரு நிற்கவில்லை என்று வந்தது.

டாக்டரம்மா எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்துப் பேசினார். "இவங்க கர்ப்பப்பைல ஒரு குறையும் இல்ல. முட்டைக்கு வயசாயிருச்சு, அவ்வளவுதான்" என்றார். மதினி தலையாட்டினார். வெளியே வந்ததும் ஒரு டீ வாங்கி, சூடு போதவில்லை என்று டீக்கடைக்காரரைத் திட்டினார். டீயிலிருந்து ஆவி வந்துகொண்டுதான் இருந்தது.

வீட்டில் என் மாமியார் வாசலிலேயே நின்றார். "என்னத்தா பண்ணித் தொலைச்ச? எம்மக உசுரக் குடுத்துக் குடுத்தத இப்படிக் கரைச்சிட்டு வந்து நிக்கிறியே." மதினி கொடியில் கிடந்த துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தார். துணி இன்னும் காயவில்லை. டாக்டரம்மா சொன்னதைச் சொல்வார் என்று கொஞ்ச நேரம் பார்த்தேன். எல்லாத் துணியும் மடித்தாகிவிட்டது.

பிப்ரவரி 26

அத்தை இன்றைக்கும் விடவில்லை. சரி என்று, ஸ்கூட்டியில் மார்க்கெட்டுக்குப் போய்வந்தேன் என்று ஒத்துக்கொண்டேன். "அப்படிச் சொல்லு" என்றார் அத்தை. காரணம் கிடைத்ததும் கோபம் பாதி இறங்கிவிட்டது.

ஸ்கூட்டி இந்த மாதம் முழுக்க மெக்கானிக் கடையில் கிடந்தது. இவருக்குத் தெரியும். என்னைப் பார்த்தார். நான் பருப்பைப் பார்த்தேன்.

மதினிக்கும் தெரியும். ஊருக்குப் போகும்போது பெட்டியை எடுத்துக்கொண்டு, "வாரேன்" என்றார். வழக்கமாகச் சொல்லாமல்தான் போவார்.

ஏப்ரல் 19

இரண்டாம் தடவை மதினிக்கு முட்டை எடுத்தார்கள். ஒன்றும் தேறவில்லை. என் வயிறு வரைக்கும் வரவே இல்லை.

டாக்டரம்மா இந்த முறை விவரமாகச் சொன்னார். "சுமக்கிறவங்க யாருங்கறது இதுல அவ்வளவா மாத்தாதும்மா. முட்டை யாருதுங்கறதுதான் விஷயம். இருபத்தஞ்சு வயசுப் பொண்ணு குடுத்த முட்டைன்னா, வச்சா ரெண்டுல ஒண்ணு நிக்க வாய்ப்பிருக்கு. உங்க வயசுக்குப் பத்துல ஒண்ணு நின்னாலே பெரிசு."

"பத்துல ஒண்ணுன்னா பத்துத் தடவை எடுத்தா ஒண்ணு வரணுமே."

"கணக்கு அப்படி வராதும்மா."

"எனக்குக் கணக்கு சொல்லிக் குடுக்காதீங்க" என்றார் மதினி. அப்புறம், "மன்னிச்சிருங்க" என்றார். மதினி மன்னிப்புக் கேட்டு நான் கேட்டதில்லை. எனக்கே என்னவோ போலாகிவிட்டது.

கொஞ்சம் கழித்து என்னைக் காட்டி, "இவளுக்கு முப்பத்து மூணுதான். இவ முட்டைய எடுக்கலாமில்ல?" என்று கேட்டார். சுமக்கிறவர் முட்டையைக் கொடுக்கச் சட்டத்தில் இடமில்லையாம். என்னிடம் யாரும் கேட்கவில்லை. எனக்காகச் சட்டம் பதில் சொல்லிவிட்டது. சட்டத்துக்கு நன்றி.

முகம் தெரியாத ஒரு பெண் கொடுக்கும் முட்டையை வாங்கலாம், அதற்கு அனுமதி எடுக்க வேண்டும் என்றார்கள். அண்ணன், "எதுன்னாலும் சரி ராணி" என்றார். அவர் எப்போதும் அதைத்தான் சொல்வார்.

பஸ்ஸில் மதினி சொன்னார். "வீட்ல சொல்ல வேணாம்."

"எதை மதினி?"

"எதையும்."

ஏப்ரல் 30

மே தின லீவுக்கு முன்னால் இரண்டு லட்சம் கேலண்டருக்கு ஆர்டர். அமாவாசை எல்லாம் சரி பார்த்துக் கொடுத்தேன். தர்ஷினி பரீட்சை முடிந்து பிள்ளைகளோடு தெருவிலேயே கிடக்கிறாள். என் மகளுக்கு எட்டு வயது, முழங்காலில் எட்டுக் காயம்.

ஜூன் 8

அனுமதி வந்துவிட்டது. முட்டை கொடுக்கும் பெண்ணைப் பற்றி ஆஸ்பத்திரியில் ரத்த வகை, உயரம், நிறம் சொன்னார்கள். வேறு ஏதாவது தெரிய வேண்டுமா என்று கேட்டார்கள். அண்ணன் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டார்.

மதினி ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "கணக்கு வருமா அந்தப் பொண்ணுக்கு?" என்று கேட்டார்.

அதெல்லாம் கேட்டு வைப்பதில்லை என்றார்கள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நான் சண்டைக்குப் போயிருப்பேன். எதற்கு என்று தெரியவில்லை.

ஜூலை 22

வைத்தார்கள். இந்தத் தடவை மதினி திரையைத் தொடவில்லை. சுவரோரம் நின்றார்.

ஆகஸ்ட் 5

நின்றுவிட்டது.

அத்தை குலசாமிக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தார். "பாத்தியா, இந்தத் தடவ ஸ்கூட்டில போகல, நின்னுருச்சு" என்றார். ஆமாம் அத்தை என்றேன். "எம்மக ரத்தம். அவளாட்டமே கெட்டி" என்றார். மதினி குழாயடிக்குப் போய், கழுவி வைத்திருந்த டம்ளரை எடுத்துக் கழுவினார்.

செப்டம்பர் 2

வாந்தி. மதினி சனி, ஞாயிறு வந்துவிடுகிறார். நான் வாந்தி எடுக்கும் முறை சரியில்லையாம்.

அக்டோபர் 12

அத்தையின் தங்கை வந்திருந்தார், ராஜபாளையத்துச் சின்னத்தை. முறுக்கைக் கடித்துக்கொண்டே கேட்டார். "விஜயராணிக்குப் பையன் பொறந்தா தர்ஷினிக்கு முறைப்பையன். ஆனா ரெண்டும் ஒரே வயித்துல பொறந்ததா ஆயிருமே. அப்ப அண்ணன் தங்கச்சியில்ல? நாளைக்குக் கட்டிக் குடுக்கறது எப்படி?"

அத்தைக்கு முகம் செத்துவிட்டது. மகள் வயிற்றுப் பேரனுக்கு மகன் வயிற்றுப் பேத்தியைக் கட்டுவது அவர் எப்போதோ முடிவு செய்த விஷயம். பேரன் இல்லாதது ஒன்றுதான் அதில் குறையாக இருந்தது. தர்ஷினி வந்து, "அப்ப அந்தப் பாப்பா எனக்குத் தம்பியா, மச்சானாம்மா?" என்று கேட்டாள். வீட்டில் ஐந்து பெரியவர்கள் இருந்தோம். இவர் மாடிக்குப் போய் டேங்கில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்தார்.

கடைசியில் மதினிதான் தீர்த்தார். "உனக்கு அத்தை பிள்ளைதான். வயிறு கணக்குல வராது."

அப்படியானால் எது கணக்கில் வரும் என்று சின்னத்தை கேட்டிருக்கலாம். நல்லவேளை, இரண்டாவது முறுக்கை எடுத்துவிட்டார். மதினி என்னைப் பார்த்தார். நான் சொல்ல மாட்டேன் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

நவம்பர் 20

அடுத்த வருட டைரி வந்துவிட்டது. இதில் அட்டை சரி, நூல் கட்டு தளர்வு. எடுத்து வைத்துக்கொண்டேன்.

மதினி நீண்ட லீவு போட்டு வந்துவிட்டார். இனி பிரசவம் வரைக்கும் இங்கேதான். காலையில் பேப்பர் படித்தபடி ஆரம்பிப்பார். வலது பக்கம் ஏன் படுத்தேன், காலை ஏன் தொங்கப் போட்டேன், அச்சகத்தில் மை நாற்றத்தில் ஏன் உட்காருகிறேன், கேரட்டை ஏன் ஒதுக்குகிறேன். எனக்குக் காது வலிக்கிறது என்றேன். காதுக்கும் கேரட் நல்லது என்றார்.

ஜனவரி 25

ஏழாம் மாதம். வளைகாப்பு.

தெருப் பெண்கள், அச்சகத்துப் பெண்கள், சொந்தம் எல்லாம் வந்திருந்தார்கள். ஐந்து வகைச் சோறு. என்னை மனையில் உட்காரவைத்தார்கள். பிள்ளை பெற்றவர்கள்தான் வளையல் போட வேண்டும் என்று அத்தை காலையிலேயே சொல்லியிருந்தார். தர்ஷினி வயிற்றிலிருந்தபோதும் இதே சட்டம். மதினி அன்றைக்கும் பந்தி பரிமாறினார், இன்றைக்கும் பந்தி பரிமாறினார்.

அதாவது, என் வயிற்றிலிருக்கும் குழந்தையின் அம்மாவுக்கு, குழந்தை இல்லாத காரணத்தால், வளையல் போட அனுமதி இல்லை. இதை நான் சபையில் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் மதினியை எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

எல்லோரும் போனபிறகு மதினி அடுப்படியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் போய், வளையல் சைஸ் சின்னது, கை வீங்கிவிட்டது, மாற்றிவிடுங்கள் என்றேன்.

"போடும்போதே சொல்றதுக்கு என்ன, வாயில கொழுக்கட்டையா?"

சோப்புப் போட்டு ஒவ்வொன்றாகக் கழற்றினார். பெரிய சைஸ் டஜன் ஒன்று மிச்சம் இருந்தது. இரண்டு கையிலும் போட்டுவிட்டார். பச்சை ஒன்று, சிவப்பு ஒன்று, மாற்றி மாற்றி. ஒன்றும் உடையவில்லை. கடைசி வளையலோடு கை நின்றுவிட்டது.

"இதுல என்னுதுன்னு ஒண்ணுமில்ல மாரீஸ்வரி. முட்டையும் என்னுது இல்ல. வயிறும் என்னுது இல்ல. அவர் பிள்ளைன்னாவது சொல்லிக்கலாம் அவர். நான் யாரு அதுக்கு?"

"முட்டை என்னுதும் இல்லியே மதினி."

"அதுக்கு?"

"அதுக்கு ஒண்ணுமில்ல. ரெண்டு பேரும் ஒரே மார்க்கு."

மதினி அழுதார். சோப்புக் கையோடு கண்ணைத் துடைத்துவிட்டு, எரிகிறது என்று என்னைத் திட்டினார். எனக்கும் அழுகை வந்தது. இதை எழுதி அடித்துவிடலாம் என்று நினைத்தேன். அடிக்கவில்லை.

முதலில் போட்ட வளையல் எனக்குச் சரியான சைஸ்தான்.

மார்ச் 14

கால் வீக்கம். தர்ஷினிக்குப் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லித் தருகிறார் மதினி. அவளையும் என்னையும் ஒரே நேரத்தில் திட்ட முடிகிறது அவரால்.

ஏப்ரல் 2

பெண். ஆபரேஷன். மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அண்ணன் ஆஸ்பத்திரி வராந்தாவில் யார் யாருக்கோ லட்டு கொடுத்தார். சம்பந்தமில்லாத ஒரு போலீஸ்காரருக்கும் கொடுத்தார்.

அத்தை பார்த்துவிட்டு, "அப்படியே எம்மக மூக்கு" என்றார். நான், "ஆமாத்தை, அச்சு அசல்" என்றேன். ஒரு நாள் குழந்தைக்கு மூக்கு என்று பெரிதாக ஒன்றும் இருப்பதில்லை.

ஏப்ரல் 3

மதினியும் குழந்தையும் என் அறையிலேயே இருக்கிறார்கள், பக்கத்துக் கட்டிலில். காலையில் குழந்தை மதினி மடியில் கத்திக்கொண்டிருந்தது. புட்டிப் பால் குடித்தாகிவிட்டது, துணி மாற்றியாகிவிட்டது. மதினி குழந்தை எதிரில் மட்டும் பேசுவதே இல்லை. உடைந்துவிடும் என்று பயப்படுகிறவர் மாதிரி வாயை மூடிக்கொண்டு ஆட்டுகிறார். நான் நர்ஸிடம், தண்ணீர் குடிக்கலாமா என்று கேட்டேன். அழுகை டக்கென்று நின்றது. தலை என் பக்கம் திரும்பியது.

"உன்னைய அடையாளம் தெரியுது அதுக்கு" என்றார் மதினி.

நர்ஸைப் பார்த்து நின்றிருக்கும் என்றேன். அதற்கும் திரும்பியது. சனியன்.

ஏப்ரல் 4

தொண்டை கட்டிவிட்டது. பேச முடியவில்லை. தண்ணீர் வேண்டும், வலிக்கிறது, போதும், எல்லாம் கையால் காட்டுகிறேன்.

ஏப்ரல் 5

தொண்டை அப்படியே. டாக்டரம்மா வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார். ஒன்றும் இல்லையே என்றார். அவர் பிரசவ டாக்டர். தொண்டையைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்.

ஏப்ரல் 7

குழந்தையை அருப்புக்கோட்டைக்குக் கார் வைத்துக் கூட்டிப் போனார்கள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. மதினி, "ஒரு தடவ தூக்கிக்கிறியா?" என்று கேட்டார். தையல் வலிக்கிறது என்று கையால் காட்டினேன். கார் திரும்பும் வரைக்கும் ஜன்னலில் நின்றேன். பிறகு தொண்டை சரியாகிவிட்டது.

ஏப்ரல் 9

வீட்டுக்கு வந்தாகிவிட்டது. பால் நிற்க மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். நிற்கவில்லை. மாத்திரை மோசம்.

தர்ஷினி என் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, "காலியாயிருச்சா?" என்றாள். ஆமாம் என்றேன்.

ஏப்ரல் 16

இன்றைக்கு மத்தியானம் மதினி போன் செய்தார். அண்ணன் வேலைக்குப் போய்விட்டார், வீட்டில் மதினி மட்டும். பின்னால் குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது.

"காலைலருந்து இப்படித்தான் கத்துது. டாக்டர்ட்ட காமிச்சாச்சு, ஒண்ணுமில்லைங்கறாரு. பாலக் குடிக்குது, திரும்பக் கத்துது. எம்மூஞ்சியப் பாத்துக் கத்துது மாரீஸ்வரி." மதினியின் குரல் இப்படி நான் கேட்டதில்லை. "என்னால ஆகல. நான் யாரோதான் அதுக்கு. ஸ்பீக்கர்ல போட்டுக் கிட்ட வைக்கறேன், நீ பேசு. உன் கொரலுக்கு அடங்கிரும். பேசு."

பேசத்தான் வாயைத் திறந்தேன். விரல் மியூட் பட்டனில் பட்டுவிட்டது.

"பேசு புள்ள." குழந்தை கத்தியது. "ஹலோ? மாரீஸ்வரி? கேக்குதா? இருக்கியா இல்லியா?" இருந்தேன். "ஒரு போன் பேசத் தெரியுதா உனக்கு? எதைத்தான் ஒழுங்காச் செஞ்ச இன்னி வரைக்கும்? வவுத்த அறுத்துத் தச்ச ஒடம்பு, குனிஞ்சு வீடு கூட்டிக்கிட்டு நிப்ப, எனக்குத் தெரியாதா? தலைக்கு ஊத்திட்டு ஈரத்தோட அலைவ. சொன்னாக் கேக்கற சாதியா நீ? மாசக்கணக்காத் தொண்டைத் தண்ணி வத்தக் கத்துனேனே, ஒண்ணாச்சும் காதுல ஏறுச்சா?"

குழந்தையின் அழுகை விட்டுவிட்டு வந்தது. பிறகு விக்கல் மாதிரி ஒன்று. பிறகு இல்லை.

மதினியும் நிறுத்திவிட்டார். என் வீட்டு மின்விசிறிச் சத்தம் எனக்குக் கேட்டது. குழந்தை மறுபடி சிணுங்க ஆரம்பித்தது.

"ஏ புள்ள" என்றார் மதினி, மெதுவாக. சிணுங்கல் நின்றது. "ஏ... கேக்குதா?" அது என்னிடம் கேட்டது இல்லை. அப்புறம் மதினி பழைய குரலில் ஆரம்பித்தார், கொஞ்சம் நடுங்கியது, ஆனால் பழைய குரல்தான். "என்னடி முழிக்கிற? திட்டுனாத்தான் அடங்குவியா? விடிஞ்சதுலருந்து அம்மாவ ஒரு வாய் சாப்புட விட்டியா நீ? தலை வார விட்டியா? அம்மான்னா அவ்வளவு எளக்காரமாப் போச்சா உனக்கு?"

மதினி தன்னை அம்மா என்று சொல்லிக்கொண்டு இதுவரை நான் கேட்கவில்லை. சொன்னதை அவரே கவனித்த மாதிரியும் இல்லை. நிறுத்தாமல் திட்டிக்கொண்டே போனார். குழந்தையை, என்னை, பால் பவுடர் கடைக்காரரை, வெயிலை. நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, எல்லாவற்றையும் கேட்டேன்.

வெகுநேரம் கழித்து மதினி போனை வாயோடு வைத்துக்கொண்டு, "தூங்கிட்டா" என்றார். "நீ ஒரு வார்த்த பேசலியே புள்ள?"

மியூட்டை எடுத்தேன். "கேக்கலியா மதினி? நான் பேசிக்கிட்டேதான் இருந்தேன்."

"ஒண்ணும் கேக்கல."

"போன் ரிப்பேரு போல."

"அதையாவது ஒழுங்கா வச்சிருக்கியா" என்று சொல்லி வைத்துவிட்டார்.

சாயங்காலம் இவர் போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, நன்றாகத்தானே இருக்கிறது என்றார். இவர் பழுது பார்க்கிறது மிக்ஸியும் கிரைண்டரும். நான் போய் நனைந்திருந்த ஜாக்கெட்டை மாற்றிக்கொண்டு வந்தேன்.